நகரத்தின் அரங்கம் யாருக்கு?

ஒரு நகரத்தின் நாகரிகத்தை அளந்தறிய விரும்புவோர் அதன் தெருக்களின் அகலத்தையும், தண்ணீர்க் குழாய்களின் நீளத்தையும், மாடிக் கட்டடங்களின் உயரத்தையும் கணக்கெடுப்பது வழக்கம். இவை அவசியமே. ஆயினும், நாளெல்லாம் உழைத்துக் களைத்த குடும்பஸ்தன் ஒருவன், மாலையில் தன் மனைவி மக்களையும் வயது முதிர்ந்த தாயாரையும் அழைத்துக்கொண்டு போய், அதிகச் செலவின்றி ஒரு நல்ல நாடகத்தையோ, கூத்தையோ, கச்சேரியையோ கண்டு கேட்டுத் திரும்புவதற்கு அந்நகரத்தில் எத்தனை இடங்கள் உண்டு என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. சென்னை நகரைக் குறித்து இக்கேள்வியை இன்று கேட்க வேண்டியது அவசியமாகிறது.

அதற்குக் காரணம் உண்டு. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகே, மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையை அடுத்து, செந்நிறக் கோலத்துடன் நிற்கும் விக்டோரியா பப்ளிக் ஹால் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து பாழ்பட்டு வந்தது. அதைப் பழுது பார்த்துப் புதுப்பிக்கும் வேலையைச் சமீப ஆண்டுகளில் சென்னை மாநகராட்சி மேற்கொண்டு, அதற்காக முப்பது கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. பழைய செங்கல்லையும் மரத்தையும் காப்பாற்ற எடுத்துக்கொண்ட இம்முயற்சியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் கட்டடத்தைப் புதுப்பித்துவிட்டால் மட்டும் காரியம் முடிந்துவிடுமா? அது எதற்காக எழுப்பப்பட்டதோ அந்த நோக்கத்தையும் புதுப்பிக்க வேண்டாமா? வெளியூரார் வந்து படம் பிடித்துச் செல்லும் காட்சிப் பொருளாக அது நிற்கப் போகிறதா, அல்லது நகர மக்கள் கூடிக் களிக்கும் மண்டபமாக விளங்கப் போகிறதா? இதுவே விஷயம்.

மகாஜனங்களின் பணத்தில் எழுந்த மண்டபம்

இந்த மண்டபம் எந்த ராணியின் கருணையாலும் உண்டானதன்று. சென்னைக்கு ஒரு நகர மண்டபம் வேண்டுமென்று கருதிய பிரமுகர்கள் கூடி யோசித்து, நிதி திரட்டி, அதற்காக ஒரு தர்மகர்த்தர் சபையும் அமைத்தார்கள். 1883-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். பொருளுதவியிலும் அவருடைய பங்கே பெரிது. பீப்பிள்ஸ் பார்க் நிலத்தில் ஒரு பகுதியை நகரசபை மிகச் சொற்ப வாடகைக்குத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகையாகக் கொடுத்தது. கட்டட நிபுணரான சிஷோம் துரை வகுத்த திட்டப்படி, நம்பெருமாள் செட்டியார் அதைக் கட்டி முடித்தார். விக்டோரியா ராணி ஆட்சிக்கு வந்த ஐம்பதாவது ஆண்டு விழா 1887-ல் வந்தமையால் ராணியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பெயர் ராணியுடையது, பணமும் நிலமும் இந்நாட்டாருடையவை. பொதுச் சொத்தைப் பொது உபயோகத்திற்குக் கேட்பதில் யாசகம் ஏதும் இல்லை என்பதை நினைவூட்டவே இதைக் குறிப்பிடுகிறோம்.

அந்த மண்டபம் என்ன செய்தது? 1891-ம் ஆண்டில், பதினெட்டு வயது இளைஞரான பம்மல் சம்பந்தனாரும் அவருடைய நண்பர் சிலரும் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார்கள். அக்காலத்தில் கூத்தாடுவது இழிதொழில் என்று படித்தவர்கள் முகம் சுளித்து வந்தனர். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் தரித்து மேடையேறியதால் அந்த எண்ணம் மெல்ல மெல்ல மாறிற்று. விக்டோரியா ஹாலே அச்சபையின் நாடகங்களுக்குப் பல்லாண்டு காலம் இருப்பிடமாயிற்று. பிற்காலத்தில் சட்டசபையில் சிங்கம்போல் முழங்கிய ஸ்ரீ சத்தியமூர்த்தி அச்சபையில் சேர்ந்து மனோகரன் வேஷம் பூண்டு நடித்தவர் என்பது பலருக்கும் தெரிந்ததே. பொது மேடையில் பேசக் கற்றவர்கள் பலர் நாடக மேடையிலும் பயின்றவர்களாய் இருந்தது தற்செயலாக நேர்ந்ததன்று.

நாடகம் மட்டுமா? அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்த சுவாமிகள் 1897-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் இம்மண்டபத்தில் பேசித் தம்முடைய வேலைத் திட்டத்தைச் சென்னை வாலிபர்களுக்கு எடுத்துரைத்தார். அதே 1897-ல்தான் தென்னாட்டில் சலனப் படம் முதன்முதலாக இங்கே காட்டப்பட்டது என்று சினிமாவின் சரித்திரம் எழுதியவர்கள் கூறுகிறார்கள். பிரசங்கம், நாடகம், புதிய விஞ்ஞான விநோதம் ஆகிய மூன்றுக்கும் ஒரே கூரை போதுமாயிருந்தது. அத்தகைய இடம்தான் பிறகு வழக்குகளிலும் அசிரத்தையிலும் சிக்கி, மழை ஒழுகிக் கிடந்தது.

மேடையைக் கண்டு அஞ்சிய ஆட்சி

நாடக மேடையின் வலிமையை நம்மவரைவிட வெள்ளைக்கார அதிகாரிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு வந்திருந்தபோது, கல்கத்தாவில் வக்கீல் ஒருவர் அவரைத் தம் வீட்டு அந்தப்புரத்திற்கே அழைத்து உபசரித்ததைக் கேலி செய்து வங்காளிகள் ஒரு பிரகசனம் நடத்தினர். உடனே வைசிராய் நார்த்புரூக் பிரபு அவசரச் சட்டம் பிறப்பித்தார். 1876-ம் ஆண்டு முடிவதற்குள் நாடகச் சட்டம் நிரந்தரமாகவே வந்துவிட்டது. அரசாங்கத்தின் மீது வெறுப்பை மூட்டும் என்று அதிகாரிகள் கருதும் எந்த நாடகத்தையும் தடுக்க அது இடமளித்தது. தடையை மீறி நடித்தவர்க்கு மட்டுமன்றி, மீறிப் பார்த்தவர்க்கும் மூன்று மாதச் சிறை விதிக்கலாம் என்பது அச்சட்டத்தின் விசேஷம்.

அச்சட்டத்தின் நிழலில்தான் தமிழ்நாட்டின் தேசிய நாடகம் வளர்ந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவி, சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் பயிற்றுவித்தார். தெ. பொ. கிருஷ்ணசாமிப் பாவலர் கதரின் பெருமையையே நாடகக் கதையாக்கினார். எஸ். எஸ். விசுவநாததாஸ் முருகன் வேஷத்திலே நின்று தேசியப் பாட்டுக்களைப் பாடினார். போலீஸார் வாரண்டுடன் மேடைக்கருகே காத்திருப்பதும், நாடகம் முடிந்ததும் அவர் சிறைக்குப் போவதும் வழக்கமாகி விட்டன. 1940-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி இரவு, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடக்கையில், மயில் வாகனத்தின் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவருடைய உயிர் பிரிந்தது. தேசத்திற்காகப் போர்க்களத்தில் மடிந்தோரைப் போற்றுகிறோம். மேடையில் மடிந்த இவரை நம்முள் எத்தனை பேர் நினைக்கிறோம்?

விசுவநாததாஸின் வாழ்க்கையில் மற்றொரு பாடமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அவர் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவருடன் ஜோடியாக நடிக்கச் சில நடிகைகள் மறுத்தனர். அவ்வேளையில் துணிந்து அவருடன் நடிக்க முன்வந்தவர் கே. பி. ஜானகி அம்மாள். தாமும் தேசியப் போரில் சிறை புகுந்த அவ்வம்மையார், 1967-ல் மதுரைத் தொகுதியொன்றிலிருந்து சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்நிய ஆட்சி மேடைக்கு வெளியே பூட்டுப் போட்டது. ஜாதி வித்தியாசம் மேடைக்கு உள்ளேயே பூட்டுப் போட்டது. இரண்டையும் உடைத்தால்தான் அரங்கம் பொது அரங்கமாகும்.

சுயராஜ்யத்திலும் தொடர்ந்த தடை

அந்நியர் போனபின் அச்சட்டமும் போயிருக்க வேண்டுமென்று நியாயமாக எதிர்பார்க்கலாம். நடந்ததோ வேறு. 1954-ம் ஆண்டில் சென்னை ராஜ்யத்திற்கென்றே தனி நாடகச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. எம். ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்தே அது கொண்டுவரப்பட்டது என்று அக்காலத்திலேயே பலரும் பேசினர். அவருடைய கருத்துக்களை ஒப்பாதவர்கள் நம்மில் அநேகர் இருக்கலாம். ஆனால் ஒப்பாத கருத்தை எதிர்க்க வேறு நாடகம் எழுதலாம், பத்திரிகையில் எழுதலாம், சபைக்குப் போகாமலே இருக்கலாம். போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து அனுமதிக்குக் காத்திருக்கச் செய்வது எந்தத் தர்மம்? விசுவநாததாஸைப் பிடிக்கக் காத்திருந்த வாரண்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அச்சட்டம் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஜீவித்திருந்தது. பரீக்ஷா நாடகக் குழுவை நடத்தி வந்த எழுத்தாளர் ஞாநி அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2013-ம் ஆண்டில் சென்னை ஹைகோர்ட்டு, அதன் முக்கியமான பிரிவுகள் அரசியல் சட்டம் அளிக்கும் பேச்சுரிமைக்கு முரண்பட்டவை என்று தள்ளிவிட்டது. 1876-ம் ஆண்டின் மூலச் சட்டத்தையோ, சுதந்திரம் வந்து எழுபது ஆண்டுகள் கழித்து, 2018-ன் தொடக்கத்தில்தான் பார்லிமெண்டு இயற்றிய ரத்துச் சட்டம் ஒழித்தது. தாமதமானாலும் இவை நல்ல செய்திகளே.

ஆயினும் பூட்டு முழுவதும் திறந்துவிட்டதென்று கருத வேண்டாம். விக்டோரியா ஹால் எழுந்த அதே பத்தாண்டில், 1888-ல், பிறந்த சென்னை நகரப் போலீஸ் சட்டம் பின்னரும் உயிரோடு நீடித்தது. பொது இடங்களில் கூட்டமும் ஊர்வலமும் நடத்த அனுமதி கொடுக்கவும் மறுக்கவும் போலீஸ் கமிஷனருக்கு அது அதிகாரம் தருகிறது. வீதி நாடகம் நடத்தும் வாலிபர்கள் பத்துப் பேர் ஒரு சந்தியில் பறையடித்துக் கூட்டம் சேர்த்தால், அது கலையா, கூட்டமா? தீர்மானிப்பவர் சப்-இன்ஸ்பெக்டர். கலகம் நேராமல் தடுப்பது போலீஸின் கடமை என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் விண்ணப்பத்திற்கு விடை எப்போது வரும் என்பது தெரியாமலும், மறுத்தால் காரணம் என்ன என்பது விளங்காமலும் கலைஞர்களை அலைய விடுவது, சட்டத்தின் பெயரைச் சொல்லாமலே தடை செய்வதாகும்.

சபாக்களின் எழுச்சியும் தளர்ச்சியும்

சென்னையில் கலையைக் குடும்பங்களிடம் கொண்டு சென்ற பெருமை சபாக்களுக்கு உரியது. 1927-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையோடு நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாகவே மறு ஆண்டு சங்கீத வித்வத் சபை தோன்றிற்று என்பதைத் தேசபக்தர்கள் மறக்கலாகாது. மார்கழி மாதத்துச் சங்கீத விழா இன்று உலகெங்கும் பெயர் பெற்றிருப்பதற்கு வித்து ராஜீய மகாநாடு ஒன்றில்தான் விழுந்தது. அரசியலுக்கும் கலைக்கும் சம்பந்தமே இல்லை என்போர் இதை யோசிக்கட்டும்.

நாடக விஷயத்தில் சபாக்கள் செய்த ஏற்பாடு மிக எளியது. அங்கத்தினர் சந்தா கட்டுவார். அதற்குப் பதிலாக மாதத்தில் சில நிகழ்ச்சிகளைக் குடும்பத்துடன் பார்ப்பார். நாடகக் குழுவுக்குச் சபா ஒரு தொகை கொடுக்கும். டிக்கெட் விற்குமா விற்காதா என்ற கவலை குழுவுக்கு இல்லை; நாடகம் நன்றாயிருந்தால் ஒரு சபாவிலிருந்து மற்றொரு சபாவுக்கு அது நடந்து செல்லும். ஒய். ஜி. பார்த்தசாரதி, கே. பாலசந்தர், சோ, பூர்ணம் விசுவநாதன், கிரேஸி மோகன் முதலியோர் இந்த ஏற்பாட்டிலேதான் வளர்ந்தார்கள். பாட்டனும் பேரனும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே இடத்தில் சிரித்த காலம் அது. பகலில் ஆபீசிலும் பாங்கியிலும் வேலை செய்த சாதாரண மனிதர்கள் மாலையில் நடிகர்களானார்கள். சம்பந்தனார் தொடங்கி வைத்த அமெச்சூர் நாடக மரபு அங்கே தழைத்தது.

1975-ல் சென்னைக்கு டெலிவிஷன் வந்தது. பிற்பாடு தொடர்கள் வந்தன. இப்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு திரை இருக்கிறது. சபாவுக்குப் போகும் வழக்கம் குன்றியது. நாடகத்திற்கு வருவோரில் நரைத்த தலைகளே மிகுதியாயின. மண்டபம் வைத்திருப்போருக்கு நாடகத்தைவிடக் கலியாணத்தில் வருமானம் அதிகம். இவற்றையெல்லாம் சொல்லிச் சபா நிர்வாகிகளைக் குறை கூறுவது சுலபம். அவர்களும் மின்சாரக் கட்டணமும் வரியும் கட்ட வேண்டியவர்களே.

சபாக்களிடம் நாம் காணும் மெய்யான குறை ஒன்றுண்டு. அவை பெரும்பாலும் மயிலாப்பூரிலும், அதன் சுற்றுப்புறத்திலும், தியாகராய நகரிலும் குவிந்திருக்கின்றன. ராயபுரத்திலும், தண்டையார்ப்பேட்டையிலும், வியாசர்பாடியிலும் வாழும் லட்சக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களுக்கு அவற்றால் விளைந்த பயன் சொற்பம். அங்கே கானா பாடுவோர் உண்டு, பறை முழக்குவோர் உண்டு, வேஷம் கட்டுவோர் உண்டு. ஒழுங்கான மேடைதான் அரிது. கலை தெற்கே உட்கார்ந்து கேட்கப்படுவதாகவும், வடக்கே தெருவில் நின்று பார்க்கப்படுவதாகவும் பிரிந்து போனது நகரத்திற்கு நன்மை தரவில்லை.

திறந்த வெளியின் படிப்பினை

இப்பிரிவினை இயற்கையாக உண்டானதன்று என்பதற்கு அத்தாட்சி நமது திருவிழாக்களே. பங்குனி மாதத்தில் மயிலைக் கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று போய்ப் பாருங்கள். அனுமதிச் சீட்டு இல்லை, முதல் வகுப்பு இல்லை. வடசென்னையிலிருந்தும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வருகிறார்கள். தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார்கள். மோரும் பானகமும் வழங்குகிறார்கள். யார் யாருக்குக் கொடுக்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. நகர வாசிகள் தாங்களாகவே ஒரு பெரிய விழாவை ஒழுங்காக நடத்த வல்லவர்கள் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இந்த அனுபவத்தைக் கலைக்குப் பயன்படுத்திய முயற்சிகளும் நடந்தன. 2007-ம் ஆண்டில் தொடங்கிய சென்னை சங்கமம், கரகத்தையும் ஒயிலாட்டத்தையும் பறையையும் தெருக்கூத்தையும் நகரத்துப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டு வந்தது. கிராமத்துக் கலைஞனைப் பார்த்திராத நகரத்துக் குழந்தைகள் அவனைச் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். ஆட்சி மாறியபின் 2011-க்குப் பிறகு அவ்விழா நின்று போயிற்று. மறுபடி ஆட்சி மாறியபின் 2023-ம் ஆண்டுப் பொங்கலின்போது மீண்டும் உயிர் பெற்றது. விழா நடந்தது நன்று. ஆனால் சர்க்கார் மாறுந்தோறும் அணைந்தும் எரிந்தும் நிற்கும் விளக்கை நம்பிப் பறையடிப்பவன் எப்படி ஜீவனம் செய்வான்? எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் நகர விழா நடக்க வேண்டும். எந்தக் கட்சியின் புகழையும் அது பாடலாகாது. இவ்விரண்டையும் ஒருசேர வற்புறுத்துகிறோம்.

சர்க்காரை எதிர்பாராமல் நடந்த காரியமும் உண்டு. 2015-ல் பெசண்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவ மக்களும் கலைஞர்களும் சேர்ந்து ஒரு கலை விழா எடுத்தார்கள். கர்நாடக சங்கீதமும், பரத நாட்டியமும், கூத்தும், பறையும் ஒரே மேடையில் நிகழ்ந்தன. சபாவுக்குப் போகும் வழக்கமுடையோர் குப்பத்திற்கு வந்தார்கள். குப்பத்தார் தம் வீட்டு வாசலிலேயே வித்துவான்களைக் கேட்டார்கள். இதனால் ஜாதி ஒழிந்துவிட்டதென்றோ வறுமை தீர்ந்துவிட்டதென்றோ யாரும் சொல்லவில்லை. ஆயினும், கேட்பவர் இன்னாராகத்தான் இருக்க வேண்டும் என்ற பொய் அன்று உடைந்தது.

ஆட்சேபணைகள்

நாம் சொல்வதற்குச் சில ஆட்சேபணைகள் எழலாம். முதலாவது, மழை பெய்தால் வீட்டில் தண்ணீர் புகும் நகரத்திற்கு நாடகக் கொட்டகை எதற்கு என்பது. 2015 டிசம்பர் வெள்ளத்தை யார் மறந்தார்? வடிகால் முதலில் வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயமில்லை. ஆனால் அந்த வெள்ளத்தில் ஜனங்களைக் காப்பாற்றியது எது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் அறிந்திருந்த தெருக்களில் உதவி விரைவில் வந்தது. ஒன்றாகக் கூடிச் சிரித்துப் பழகிய ஜனங்களே ஆபத்தில் ஒன்றாக நிற்பார்கள். அரங்கமும் ஒரு விதத்தில் வடிகாலே.

இரண்டாவது, சினிமா இருக்க நாடகம் ஏன் என்பது. சினிமாவை நாம் பழிக்கவில்லை. அது நாடகத்தின் பிள்ளை. ஆனால் படத்திலிருக்கும் நடிகனுக்கு எதிரில் இருப்பவர் யார் என்று தெரியாது. மேடை நடிகனோ ஜனங்களின் முகத்தைப் பார்த்தே பேசுகிறான். அவர்கள் மௌனமானால் அவனுக்குத் தெரிகிறது. மேலும், தெருவிலுள்ள பையனும் பெண்ணும் சினிமாவில் நடிக்க முடியாது. பேட்டை நாடகத்தில் நடிக்கலாம். ஜனநாயகத்திற்குப் பார்ப்பவர்கள் மட்டும் போதாது.

மூன்றாவது, பழைய காலத்தை வீணே புகழ்கிறோம் என்பது. அப்படியல்ல. பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் தாய் தந்தையரைப் பிரிந்து, அடியும் வசையும் பட்டு, படிப்பின்றி வளர்ந்ததை நாம் அறிவோம். குலஸ்திரீகள் நடிக்கலாகாது என்ற கட்டுப்பாடும் நடிகைகள் பட்ட அவமானமும் நமக்குத் தெரியும். அவற்றைத் திரும்ப அழைக்க யாரும் விரும்பார். நாம் விரும்புவது பழைய பொது மண்டபம், பழைய கொடுமையன்று.

செய்ய வேண்டியவை

புகார் கூறிவிட்டு நிற்பது எமது வழக்கமன்று. ஆதலின் மாநகராட்சியும் சர்க்காரும் செய்யத்தக்கவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

விக்டோரியா ஹாலில் வாரத்திற்கு இத்தனை மாலைகள் நாடகத்திற்கும் கூத்துக்கும் என்று முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும். அன்றைய வாடகை ஒரு சிறு அமெச்சூர் குழு தாங்கக்கூடியதாய் இருக்க வேண்டும். தேதிகளைப் பகிர்ந்தளிக்கும் கமிட்டியில் உத்தியோகஸ்தர்களோடு நாடகக்காரரும், கூத்துக் கலைஞரும், சாதாரண நகர வாசிகளும் இடம் பெற வேண்டும். நிர்வாகச் செலவுக்காக மற்ற நாட்களில் அதிக வாடகை வாங்குவதை நாம் ஆட்சேபிக்கவில்லை.

ஒரு மண்டபம் ஒரு மாநகருக்குப் போதாது. 2011-ல் சென்னை மாநகராட்சியின் எல்லை விரிந்து, பரப்பு 426 சதுர கிலோமீட்டராயிற்று. 200 வட்டங்களும் 15 மண்டலங்களும் ஏற்பட்டன. மண்டலத்திற்கு ஒன்றாகப் பதினைந்து மேடைகளேனும் இருக்க வேண்டாமா? புதிய மாளிகைகள் கட்டச் சொல்லவில்லை. மாநகராட்சியின் சமுதாயக் கூடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, பள்ளிக்கூட முற்றங்கள் இருக்கின்றன, பூங்காக்கள் இருக்கின்றன. மாதத்தில் இரண்டு மாலைகள் அவற்றைக் கலைக்கு விட்டுக் கொடுத்தால் கலியாணம் எதுவும் நின்றுவிடாது. வடசென்னை மண்டலங்களில் இவ்வேலையை முதலில் தொடங்குவதே நியாயம்.

அனுமதி விஷயத்தில் ஒரே இடத்தில் விண்ணப்பம் பெற்று, குறித்த நாளுக்குள் விடையளிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்து மூலம் தர வேண்டும். விடையே வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ள வேண்டும். கதையின் கருத்து என்ன என்று கேட்க எந்த அதிகாரிக்கும் இடமிருக்கக் கூடாது. ஹைகோர்ட்டின் தீர்ப்புக்கு மெய்யான மரியாதை அதுவே.

வரி விஷயத்தில் ஒரு நல்ல வசதி ஏற்கெனவே உண்டு. நாடகம், நாட்டியம், சங்கீதம் ஆகியவற்றிற்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேற்படாத நுழைவுக் கட்டணத்திற்குச் சரக்கு சேவை வரி கிடையாது. சிறு குழுக்களில் பல இதை அறியாதிருக்கக் கூடும். அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். கிராமங்களிலிருந்து அழைக்கப்படும் கலைஞர்களுக்கோ, ஆடிய அன்றே கூலியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். மாலை மரியாதையும் பொன்னாடையும் பசியைத் தீர்க்கமாட்டா.

கடைசியாக, குடும்பங்கள் வர வேண்டுமானால் குடும்பங்களுக்கு ஏற்ற வசதி வேண்டும். சுத்தமான கழிப்பிடம், குடிநீர், வயோதிகர் ஏறத்தக்க படி, ஆட்டம் முடிந்ததும் வீடு திரும்ப பஸ் ஆகிய நான்கும் இல்லாத இடத்திற்குப் பெண்களும் குழந்தைகளும் வரமாட்டார்கள். இது கலையைப் பற்றிய பேச்சில் அற்பமாகத் தோன்றலாம். எத்தனையோ நல்ல நாடகங்கள் காலி நாற்காலிகளின் முன் நடந்ததற்கு இந்த அற்பங்களும் காரணம்.

தேச ஊழியர்களின் கடமை

மாநகராட்சியை மட்டும் குற்றம் கூறிப் பயனில்லை. ராஜீய வேலையில் ஈடுபட்டுள்ள அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுக்கூட்டத்திற்கு லாரியில் ஆள் சேர்க்கத் தெரிந்த நாம், நம் பேட்டையில் நடக்கும் நாடகத்திற்கு டிக்கெட் வாங்கிச் செல்கிறோமா? மேடையும் ஒலிபெருக்கியும் ஒவ்வொரு கட்சியிடமும் உண்டு. வருஷத்தில் நான்கு நாட்களாவது அவற்றை அப்பேட்டைப் பிள்ளைகளின் நாடகத்திற்குக் கொடுத்தால் யாருக்கு நஷ்டம்? அன்று மேடையில் தலைவருக்குச் சால்வை போர்த்தும் சடங்கையும் விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

அந்நியர் ஆட்சியில் நாடகம் பார்த்ததற்காகச் சிறைக்குப் போக நேரலாம் என்று சட்டம் இருந்தது. அப்படியிருந்தும் ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தார்கள். இன்று பார்ப்பதைத் தடுப்பார் யாருமில்லை; நம்முடைய சோம்பலும் நிர்வாகத்தின் அசிரத்தையுமே தடையாக நிற்கின்றன. நம் முன்னோர் பணம் போட்டுக் கட்டிய மண்டபத்தை மீண்டும் நாடகத்தாலும் ஜனங்களாலும் நிரப்புவது மாநகராட்சியின் பொறுப்பு. நிரப்பும்படி கேட்பதும், கேட்டபின் குடும்பத்துடன் போய் உட்காருவதும் நம் பொறுப்பு. மாநகராட்சி அங்கத்தினர்கள் இவ்விஷயத்தைத் தங்கள் சபையின் அடுத்த கூட்டத்திலேயே பிரஸ்தாபிப்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம். தங்கள் வட்டத்துக் கவுன்ஸிலரிடம் இது குறித்து நேரில் கேட்குமாறு வாசகர்களையும் வேண்டுகிறோம்.